பொண்ணுக்கு பார்வை 6/6, ஆனா படிக்க உக்காந்தா எழுத்து ரெண்டாத் தெரியுதாம். விஷன் தெரபி பண்ணவங்க இருக்கீங்களா? (கடலூர் / பாண்டி)

மஞ்சக்குப்பம்_அம்மா:
வணக்கம். கடலூர், பாண்டி பக்கம் விஷன் தெரபி எடுத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, மனசு கொழம்பிப் போயிருக்கு. பொண்ணு ஏழாவது படிக்கிறா. போர்டுல எழுதுறது கடைசி பெஞ்சுலேர்ந்தே தெரியுது, பஸ்ஸு போர்டு அவ்ளோ தூரத்துல வரும்போதே படிச்சிடுவா, ஆனா புக்க எடுத்து உக்காந்தா கொஞ்ச நேரத்துல கண்ண கசக்க ஆரம்பிச்சிடுறா, வரி விட்டு வரி தாவிடுது, விரல வெச்சிக்கிட்டுதான் படிக்கிறா, சில நேரம் ஒரு கையால ஒரு கண்ண மூடிக்கிட்டே படிக்கிறா. ஏன்டி மூடுறேன்னா "அப்பதாம்மா எழுத்து ஒண்ணா நிக்குது"ங்கறா. சாயங்காலம் ஆனா நெத்தி வலி வேற.

மொதல்ல டவுன்ல ஒரு கண்ணாடிக்கடைல காட்டுனோம். 6/6 இருக்கு, பவரே இல்ல, படிக்க டிமிக்கி குடுக்குறான்னு சொல்லிட்டாங்க, அதக் கேட்டுட்டு வந்து வீட்ல எல்லாரும் அவள திட்டுனதுதான் மிச்சம். அப்புறம் ஒரு கண் ஆஸ்பத்திரில சொட்டு மருந்து போட்டு முழுசா பாத்துட்டு கன்வெர்ஜன்ஸ் இன்சபிஷியன்சின்னு (கிட்ட பாக்கறப்ப ரெண்டு கண்ணும் சேந்து சரியா உள்ள திரும்பாத பிரச்சனையாம்) எழுதிக் குடுத்து, வாரா வாரம் வந்து தெரபி எடுக்கணும், வீட்லயும் பயிற்சி பண்ணணும்னு சொல்லிருக்காங்க. மாமியார் கண்ணுக்கு எக்சர்சைஸா, கேரட்டு குடு சரியாப்பூடும்ங்கறாங்க. இது நெசமாவே வேல செய்யுமா, இல்ல வாரா வாரம் காசு புடுங்குற வேலையா?

பாண்டி_ஆப்டம்:
அக்கா, நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண்ணு டெஸ்ட் பண்றவன், பாண்டிலதான் வேல. மொதல்ல ஒண்ணு, பாப்பாவ இனிமே யாரும் திட்ட வேணாம். நீங்க எழுதிருக்கறத படிச்சாலே அவ பொய் சொல்லலன்னு தெரியுது. ஒரு கண்ண மூடிக்கிட்டு படிக்கிறது எந்தக் குழந்தையும் நடிக்கிறதுக்காக கண்டுபிடிக்கிற விஷயம் இல்ல.

6/6ன்னா என்னன்னா, 6 மீட்டர் தூரத்துல இருக்கற எழுத்த ஒவ்வொரு கண்ணும் தனியா படிக்குதுன்னு அர்த்தம், அவ்ளோதான். புக்கு இருக்கறது 40 சென்டிமீட்டர்ல. அங்க ரெண்டு கண்ணும் ஒரே நேரத்துல மூக்குப் பக்கமா திரும்பி ஒரே எழுத்து மேல நிக்கணும். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கற ஆளுக்கு 40 சென்டிமீட்டர்ல படிக்க சுமார் 15 பிரிசம் (கண்ணு திரும்பறத அளக்கற அளவு) உள்ள திரும்பணும், கூடவே உள்ள இருக்கற லென்சும் 2.5 பவர் அளவுக்கு தடிச்சு ஃபோகஸ் பண்ணணும். இது போதாதுன்னு, படிக்கறப்ப கண்ணு வரி மேல சறுக்கிக்கிட்டு போகாது, தாவித் தாவித்தான் போகும், ஒவ்வொரு தாவலுக்கும் ரெண்டும் சேந்து போய் சேந்து எறங்கணும். வண்டில பூட்டுன ரெண்டு மாடும் தனித்தனியா நல்ல மாடுதான், நுகத்தடில சேத்தா ஒண்ணு வெளிய இழுக்குதுன்னு வெச்சிக்கங்க. உங்க பொண்ணு மூளை நாள் முழுக்க அந்த வெளிய இழுக்கற கண்ண உள்ள புடிச்சி வெச்சிக்கிட்டே படிக்கப் பாக்குது. நெத்தி வலி அதனாலதான்.

கேரட்ல இருக்கறது வைட்டமின் ஏ சமாச்சாரம், மாலைக்கண்ணுக்கு சம்மந்தம் உண்டு, இதுக்கு இல்ல. பாட்டிகிட்ட பக்குவமா சொல்லுங்க. 

ரிப்போர்ட்ல என்பிசின்னு ஒரு நம்பர் இருக்கும், அதையும் எக்ஸோ, அதாவது கண்ணு வெளிப்பக்கமா இழுக்கறது, கிட்டத்துல எவ்ளோ, தூரத்துல எவ்ளோன்னும் பாத்துப் போடுங்க.

பண்ருட்டி_வாத்தியார்:
நடுவுல வரேன், மன்னிக்கணும். நான் முப்பது வருஷத்துக்கு மேல பாடம் நடத்துறவன், எனக்கு இந்த விஷன் தெரபின்ற பேரக் கேட்டாலே வயித்தக் கலக்குது, ஏன்னா எங்க ஸ்கூல்ல ஒரு பையனுக்கு டிஸ்லெக்சியா, எழுத்தும் சத்தமும் சேராது அவனுக்கு, அவங்கப்பா முந்திரி ஒடைக்கிற கம்பெனில கூலிக்குப் போறவரு, யாரோ கண்ணுப் பயிற்சி குடுத்தா டிஸ்லெக்சியா போயிடும்னு சொல்லி மாசக்கணக்குல வெளியூருக்கு அலைய வெச்சாங்க, நகைய அடகு வெச்சாரு. பையனுக்கு படிப்பு ஒரு இன்ச்சும் நகரல. அந்த மாசங்கள்ல ஒழுங்கான ஸ்பெஷல் எஜுகேட்டர்கிட்ட விட்டிருந்தா எவ்ளோ முன்னேறிருப்பான்னு நெனச்சா இன்னிக்கும் எனக்கு ஆத்தாமையா இருக்கு. அம்மா, நீங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி நல்லா விசாரிச்சிக்கங்க.

பாண்டி_ஆப்டம்:
சார், நீங்க சொன்னதுல ஒரு வார்த்த கூட தப்பில்ல. டிஸ்லெக்சியா கண்ணுல இருக்கற கோளாறு இல்ல, மூளை மொழிய கையாள்றதுல இருக்கற வித்தியாசம். 2009லயே அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கங்களும் சேந்து கூட்டா அறிக்கை விட்டாங்க, படிப்புக் குறைபாட்டுக்கு விஷன் தெரபி, கலர் கண்ணாடி இதெல்லாம் வைத்தியம்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்லன்னு. அந்தப் பையனுக்கு நடந்தது அநியாயம்.

ஆனா இந்த அக்கா பொண்ணு கேசு வேற. கன்வெர்ஜன்ஸ் இன்சபிஷியன்சிக்குன்னே அமெரிக்காவுல பல ஊர்ல சேத்து ஒரு பெரிய டிரையல் நடத்தி 2008ல முடிவு போட்டாங்க. 9லேர்ந்து 17 வயசு வரைக்கும் 221 பசங்க, நாலு குரூப்பு, 12 வாரம். ஒரு குரூப்பு வாரம் ஒரு மணி நேரம் கிளினிக்ல தெரபிஸ்ட் கூட உக்காந்து செஞ்சிட்டு வீட்லயும் செஞ்சாங்க. ஒரு குரூப்பு வீட்ல பென்சில மூக்குகிட்ட கொண்டு வர்ற பயிற்சி மட்டும், இன்னொண்ணு வீட்ல கம்ப்யூட்டர் பயிற்சியோட பென்சிலு. நாலாவது குரூப்புக்கு கிளினிக்ல தெரபி மாதிரியே இருக்கற டம்மி தெரபி. கிளினிக்ல நெசமான தெரபி எடுத்தவங்கள்ல 73 சதவீதம் பேரு சரியாயிட்டாங்க இல்லன்னா தேறிட்டாங்க. பென்சில் 43, கம்ப்யூட்டர் 33, டம்மி 35. டம்மிக்கே 35 வருதுங்கறத கவனிங்க, அதனாலதான் "எங்க புள்ளைக்கு சரியாச்சு"ன்னு ஒருத்தர் சொல்றத மட்டும் வெச்சி எதையும் நம்பக் கூடாது. ஆனா 73க்கும் 35க்கும் நடுவுல இருக்கற தூரம் உண்மையானது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். அதே ஆளுங்க 2019ல இன்னொரு டிரையல் போட்டாங்க, 311 பசங்க, 16 வாரம், இந்த தடவ பாத்தது படிச்சி புரிஞ்சிக்கற மார்க்கு ஏறுதான்னு. டம்மி தெரபி எடுத்தவங்கள விட அதிகமா ஏறல. அதனால அக்கா, தலைவலி, ரெண்டாத் தெரியறது, வரி தாவுறது இதுக்கு தெரபி எடுங்க, நம்பி எடுங்க. மார்க்கு ஏறும்னு யாராவது உறுதி குடுத்தா அங்கேர்ந்து எழுந்து வந்துடுங்க.

பண்ருட்டி_வாத்தியார்:
இவ்ளோ தெளிவா யாரும் எனக்கு சொன்னதில்ல தம்பி. அப்ப ஒரு வாத்தியார் கிளாஸ்ல எத வெச்சி கண்டுபிடிக்கிறது, இது கண்ணா டிஸ்லெக்சியாவான்னு?

பாண்டி_ஆப்டம்:
நீங்க கண்டுபிடிக்க வேணாம் சார், சந்தேகப்பட்டா போதும். டிஸ்லெக்சியா இருக்கற குழந்தை பல சமயம் மொத வரிலயே திணறும். இந்தப் பசங்க பெரும்பாலும் மொத பாரா நல்லா படிச்சிட்டு போகப் போக சொதப்பும், கண்ண கசக்கும், தலைய சாச்சிக்கும், ஒரு கண்ண மூடும். நீங்க வாசிச்சிக் காட்டி கேள்வி கேட்டா டாண்ணு பதில் சொல்லும். ரெண்டும் சேந்தே இருக்கற பசங்களும் உண்டு, அதனால ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ண விட்டுடக் கூடாது. நம்ம தமிழ்நாட்லயே சங்கர நேத்ராலயா ஆராய்ச்சியாளருங்க டவுன் ஸ்கூல், கிராமத்து ஸ்கூல் ரெண்டுத்துலயும் 920 பசங்கள பாத்துருக்காங்க, மாறுகண் இல்லாத, ஆனா ரெண்டு கண்ணும் சேந்து வேல செய்யறதுலயோ ஃபோகஸ்லயோ பிரச்சன உள்ள பசங்க ஏறக்குறைய 30 சதவீதம். அதுல அதிகமா இருந்தது இதே கன்வெர்ஜன்ஸ் இன்சபிஷியன்சிதான். எல்லாருக்கும் தெரபி வேணும்னு அர்த்தமில்ல, தொந்தரவு இருக்கறவங்களுக்குத்தான். ஆனா ஸ்கூல் கேம்ப்ல சார்ட்ட மாட்டி தூரத்து எழுத்த மட்டும் படிக்க சொல்லிட்டு போனா இதுல ஒருத்தரும் மாட்ட மாட்டாங்க.

மஞ்சக்குப்பம்_அம்மா:
தம்பி ரிப்போர்ட் பாத்தேன். என்பிசி 15 செமீன்னு இருக்கு. தூரத்துல எக்ஸோ 2, கிட்டத்துல 10. பவர் ஒண்ணுமில்ல. உங்க மெசேஜ அவங்கப்பாகிட்டயும் காட்டுனேன், ஒண்ணும் பேசல, ராத்திரி அவகிட்ட போயி தலைவலிக்குதான்னு கேட்டுட்டு தைலம் தேச்சி விட்டாரு.

பாண்டி_ஆப்டம்:
அக்கா, என்பிசின்னா ஒரு பொருள மூக்கு நோக்கி கொண்டு வந்தா எந்த எடத்துல ரெண்டா பிரியுதுங்கறது. 6 செமீ வரைக்கும் வந்தாலும் ஒண்ணாத் தெரிஞ்சா நல்லது, பாப்பாவுக்கு 15லயே விட்டுப்போகுது. கிட்டத்து எக்ஸோ தூரத்த விட 4 பிரிசமாவது கூட இருந்தா சந்தேகப்படுவோம், உங்களுக்கு 8 கூட இருக்கு. புத்தகத்துல போட்ட மாதிரி கேசு. சொட்டு மருந்து போட்டு மறைஞ்சிருக்கற பிளஸ் பவர் இல்லன்னு உறுதி பண்ணது ரொம்ப சரி, அத பண்ணாம தெரபி ஆரம்பிக்கவே கூடாது. பிரிசம் போட்ட (வெளிச்சத்த வளைச்சி விடற) கண்ணாடி ஒண்ணு வாங்கிக்கங்க போதும்னு யாராவது சொல்லலாம், பசங்களுக்கு அது சாதா கண்ணாடிய விட மேலா வேல செய்யலன்னு 2005லயே பாத்துட்டாங்க.

நெய்வேலி_ஷிப்டு:
நான் எடுத்துக்கிட்டேன் மேடம், பெரியவங்க கேசு. கண்ட்ரோல் ரூம்ல நாள் பூரா ஸ்கிரீனு, நைட் ஷிப்ட் முடியறப்ப நம்பருங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். உங்க பொண்ணுக்கு என்ன பண்ணுவாங்கன்னு பயமா இருக்கும்ல, அதான் விவரமா எழுதறேன், ஊசி மருந்து ஒண்ணும் கெடயாது.

மொதல்ல ஒரு கயிறு குடுப்பாங்க, பிராக் ஸ்ட்ரிங்னு பேரு, ஆளு நீளத்துக்கு மேல இருக்கும், அதுல செவப்பு மஞ்ச பச்சன்னு மணிங்க கோத்திருக்கும். ஒரு முனைய கதவு கைப்பிடில கட்டிட்டு இன்னொரு முனைய மூக்கு நுனில வெச்சிக்கணும். நடு மணிய பாத்தா கயிறு ரெண்டா தெரிஞ்சி கரெக்டா அந்த மணிகிட்ட பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்கணும், முன்னாடி இருக்கற மணியும் பின்னாடி இருக்கற மணியும் ரெண்டு ரெண்டா தெரியணும். ரெண்டாத் தெரியறதுதான் சரியான்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, பாக்காத எடம் ரெண்டாத் தெரியறதுதான் ரெண்டு கண்ணும் முழிச்சிருக்குன்னு அத்தாட்சியாம். எனக்கு கிட்ட மணிய பாக்கறப்ப ஒரு கயிறு காணாமப் போயிடும், அதாவது ஒரு கண்ண மூளை ஆஃப் பண்ணிடுதுன்னு தெரபிஸ்ட் மேடம் சொன்னாங்க. இல்ல கயிறு மணிக்குப் பின்னாடி போயி வெட்டிக்கும், அப்படின்னா கண்ணு தேவையான அளவு உள்ள வரலன்னு அர்த்தம். கண்ணு என்ன பண்ணுதுன்னு நமக்கே கண்ணு முன்னாடி தெரியுதுல்ல, அதுதான் அந்தக் கயிறோட பெரும. அப்புறம் ஃபிளிப்பருன்னு ஒண்ணு, ஒரு பக்கம் பிளஸ் 2 லென்சு, திருப்புனா மைனஸ் 2, ஒவ்வொரு தடவ திருப்பறப்பவும் எழுத்து தெளிவாகற வரைக்கும் காத்திருந்து படிக்கணும். மொதல்ல தெளிவாகவே மாட்டேங்கும், கோவம் வரும். செவப்பு பச்ச கண்ணாடி போட்டுக்கிட்டு பாக்கற படங்களும் உண்டு, மெல்ல மெல்ல வெலக்கிக்கிட்டே போவாங்க, எதுவரைக்கும் ஒண்ணா புடிச்சி வெச்சிருக்கோம்னு.

சலிப்பா இருக்கும் மேடம், அத மறைக்க மாட்டேன். வீட்ல செய்யறத விட்டுட்டா கிளினிக்ல செஞ்சது நிக்காது. எனக்கு இப்ப ஷிப்ட் முடியறப்ப நம்பரு நம்பராவே இருக்கு.

பாண்டி_ஆப்டம்:
அருமையா சொன்னீங்கண்ணே. பெரியவங்கள வெச்சி நடந்த ஆராய்ச்சி பசங்க அளவுக்கு இல்ல, ஆனா பலன் கெடைக்கிறத நாங்களும் பாக்குறோம். அக்கா, வீட்டுப் பயிற்சி நாளைக்கு 15 நிமிஷம், வாரம் 5 நாளுன்னு வெச்சித்தான் அந்த டிரையல்லயும் செஞ்சாங்க. ஒரே நாள்ல ஒரு மணி நேரம் போட்டு வதைக்க வேணாம்.

கிருமாம்பாக்கம்_பையன்:
அண்ணா வீடியோல கண்ணச் சுத்துற எக்சர்சைஸ் பண்ணா கண்ணாடியையே கழட்டிடலாம்னு போடறாங்களே, எனக்கு மைனஸ் 4, விஷன் தெரபி எடுத்தா போயிடுமா?

பாண்டி_ஆப்டம்:
போகாது தம்பி. மைனஸ் பவர்னா கண்ணு உருண்டை நீண்டுடுச்சு, ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே ஏறக்குறைய 2.5லேர்ந்து 3 பவர் ஏறிடும். எந்தப் பயிற்சியும் அத சுருக்காது. வீடியோவ நம்பி கண்ணாடி இல்லாம பைக் ஓட்டிடாத, கடலூர் ரோட்ல வர்ற பஸ்ஸுங்க வேகம் உனக்கே தெரியும். சின்னப் பசங்க வெளிய வெளிச்சத்துல நெறைய வெளையாண்டா மைனஸ் வர்றது தள்ளிப்போகும், அது நல்ல ஆதாரம் உள்ள விஷயம்.

வில்லியனூர்_தாத்தா:
என் பேரனுக்கு அஞ்சு வயசு. ஒரு கண்ணு சோம்பேறிக் கண்ணுன்னு சொல்லி நல்ல கண்ண மூடி வைக்கச் சொல்றாங்க. நல்லா இருக்கற கண்ண மூடறதுக்கு என் மனசு ஒப்பல. அதுக்கு பதிலா இந்தக் கயிறு பயிற்சி குடுக்கலாமா?

பாண்டி_ஆப்டம்:
தாத்தா, பதிலா குடுக்கக் கூடாது. சோம்பேறிக் கண்ணுக்கு மொதல்ல கண்ணாடி, முழு நேரமும். அப்புறம் பேட்ச். கண்ணு நல்லாத்தான் இருக்கும், மூளை அத கவனிக்கப் பழகல, நல்ல கண்ண மூடுனாத்தான் மூளை வேற வழியில்லாம அந்தக் கண்ண கேக்கும். ரொம்ப நேரம் மூடணுமோன்னு பயப்படாதீங்க, நடுத்தர அளவு சோம்பேறிக் கண்ணுக்கு தெனம் 2 மணி நேரம் மூடுறதும் 6 மணி நேரம் மூடுறதும் ஏறக்குறைய ஒரே பலன்தான்னு 2003ல பெரிய ஆய்வு சொல்லிருக்கு. ஆனா எத்தன மணி நேரம்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், நடுவுல நல்ல கண்ணையும் செக் பண்ணிக்கிட்டே இருப்பாங்க. மூடியிருக்கற நேரத்துல கலர் அடிக்கிறது, மணி கோக்கறது, அரிசில கல்லு பொறுக்கறது மாதிரி கிட்டத்து வேல குடுங்க. ஏழு வயசுக்குள்ள செஞ்சா பலன் அதிகம், அதனால மனசு ஒப்பலன்னு தள்ளிப் போடாதீங்க தாத்தா, கெஞ்சிக் கேக்கறேன். தவளக்குப்பத்துல அரவிந்த்ல குழந்தைங்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, சந்தேகம் இருந்தா இன்னொரு ஒபீனியன் கேட்டுக்கங்க.

வில்லியனூர்_தாத்தா:
சரி கண்ணு. நாளைக்கே ஒட்ட ஆரம்பிச்சிடுறோம்.

செம்மண்டலம்_ஆட்டோ:
அண்ணே எங்க மாமாவுக்கும் நேத்து சாயங்காலத்துலேர்ந்து எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாம், வயசு 58, சுகர் இருக்கு, ஒரு பக்கம் இமை வேற தொங்குன மாதிரி இருக்கு. இந்த மணிக் கயிறு எங்க கெடைக்கும்?

பாண்டி_ஆப்டம்:
அண்ணே, கயிறு வேணாம், இப்பவே ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க. திடீர்னு ரெண்டாத் தெரியறதும் இமை எறங்கறதும் கண்ண அசைக்கிற நரம்பு பாதிச்சதுக்கான அறிகுறி, சுகர்னாலயும் வரும், மூளைக்குப் போற ரத்தக்குழாய் வீங்கி நரம்ப அமுக்குறதாலயும் வரும், ரெண்டாவது உயிருக்கே ஆபத்து. தலைவலி இருக்கா, ஒரு கண்ணு பாப்பா பெருசா இருக்கான்னு டாக்டர் பாப்பாரு. மஞ்சக்குப்பம் அரசு தலைமை ஆஸ்பத்திரியோ ஜிப்மர் எமர்ஜென்சியோ, எது கிட்டக்கவோ அங்க போங்க. காலைல போலாம்னு வெக்காதீங்க. அவர வண்டி ஓட்ட விடாதீங்க.

செம்மண்டலம்_ஆட்டோ:
கெளம்பிட்டோம்ணே.

நெய்வேலி_ஷிப்டு:
போய்ச் சேந்ததும் ஒரு வார்த்த போடுங்க தம்பி.

செம்மண்டலம்_ஆட்டோ:
அட்மிட் பண்ணிட்டாங்க. ஸ்கேன்ல ரத்தக்குழாய் வீக்கம் எதுவும் இல்லயாம், சுகர் ரொம்ப ஏறிக் கெடந்துச்சாம், நரம்பு அதனாலதான்னு சொல்றாங்க, சுகர கட்டுக்குள்ள வெச்சா சில மாசத்துல சரியாக வாய்ப்பு இருக்காம். ரொம்ப நன்றிண்ணே.

மஞ்சக்குப்பம்_அம்மா:
ரொம்ப நாள் கழிச்சி வரேன், கேட்டவங்களுக்கு பதில் சொல்லாம இருக்க மனசு வரல. தெரபி முடிஞ்சிது. என்பிசி இப்ப 5 செமீ. கண்ண மூடிக்கிட்டு படிக்கிறது நின்னுடுச்சு, சாயங்காலத் தலைவலி போச்சு, எப்பவாச்சும் நாள் பூரா பரீட்ச எழுதுனா கொஞ்சம் வருது. மார்க்கு பெருசா ஏறல, கணக்குல அதே தடுமாத்தம்தான், அதுக்கு கணக்குதான் சொல்லிக் குடுக்கணும். ஆனா வாரப் பத்திரிகைய அவளே எடுத்துக்கிட்டு திண்ணைல உக்காந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிறா, நான் கூப்டாக் கூட காதுல விழல. மாமியார்தான் டெய்லி கயித்துப் பயிற்சிக்கு ஆளு, ஒரு முனைய அவங்க புடிச்சிக்குவாங்க.

வாத்தியார் ஐயா, உங்க பயத்துலயும் ஞாயம் இருக்கு. எங்க தெரபிஸ்ட் மொத நாளே இது தலைவலிக்கும் ரெண்டாத் தெரியறதுக்கும்தான், மார்க்குக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க, அதனாலதான் தைரியமா கட்டுனேன். 

தம்பி ஒரு சந்தேகம், ஃபிளிப்பர் அவங்களோடது, திருப்பிக் குடுத்துடலாமா, இல்ல இன்னும் தேவப்படுமா?

பண்ருட்டி_வாத்தியார்:
மனசு நெறஞ்சி இருக்கும்மா. எங்க ஸ்கூல்ல இப்ப நாலாவதுல ஒரு பொண்ணு, மொத பாராவுக்கு அப்புறம் கண்ண கசக்குது. அவங்கம்மாவ கூப்ட்டு பேசிட்டேன், முழு டெஸ்ட்டு எடுக்கச் சொல்லிருக்கேன்.

பாண்டி_ஆப்டம்:
சந்தோசம்க்கா. ஃபிளிப்பர குடுத்துடுங்க, கயித்த மட்டும் வெச்சிக்கங்க, வாரத்துல ஒரு தடவ ரெண்டு தடவ கொஞ்ச நேரம் போதும். தேறுன பசங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சும் நெலச்சி நிக்குது, ஆனாலும் ஆறு மாசத்துல ஒரு தடவ என்பிசி செக் பண்ணிக்கங்க, பத்தாவது போறப்ப படிக்கிற நேரம் கூடும்ல, அப்ப தொந்தரவு திரும்புனா சும்மா விடாதீங்க. சார், அந்தப் பொண்ணுக்கு சொட்டு மருந்து போட்டு பவரும் பாக்கச் சொல்லுங்க, கிட்டத்துல மட்டும் கஷ்டப்படற பசங்கள்ல சிலருக்கு வெறும் பிளஸ் கண்ணாடியே போதும், தெரபியே தேவப்படாது.